சாகப்போகும் உயிர்கள் கூடும் கடல்: கற்பனை இடத்தை நம்பும்படி அமைப்பது எப்படி?

உங்கள் கேள்வி இது: நீங்கள் எழுதும் கற்பனைக் கதையில், சாவு நெருங்கிய திமிங்கிலம், ஆமை, சுறா, பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) எல்லாம் தாமாகவே வந்து சேரும் ஓர் ஆழ்கடல் பள்ளம் வருகிறது. அதை வாசகர் நம்பும்படி எப்படி அமைப்பது? அப்படி ஏதாவது நிஜத்தில் உண்டா?

உண்டு, பல இடங்களில் உண்டு. ஆனால் எந்த இடத்திலும் எந்த உயிரும் சாவதற்கென்று வருவதில்லை. முட்டையிட வருகிறது, மூச்சுத் திணறி ஓடி வருகிறது, இரை தேடி வந்து சிக்கிக்கொள்கிறது, இல்லையென்றால் செத்தபின் நீரோட்டம் கொண்டுவந்து ஒதுக்குகிறது. உங்கள் பள்ளத்தில் இந்த நான்கில் எது நடக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எவ்வளவு ஆழம், என்ன நாற்றம், எந்த உயிர் வரும், எது வரவே வராது என்பதெல்லாம் அதற்குப் பிறகு தானே தெளிவாகும். "சாவு அவற்றை அழைத்தது" என்று மட்டும் எழுதினால் பத்துப் பக்கம் கூடத் தாங்காது.

யானைகளின் இடுகாடு என்ற பழைய கதையும் இப்படித்தான். யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதி கடைவாய்ப் பற்கள். கடைசித் தொகுதியும் தேய்ந்த கிழட்டு யானை மென்மையான புல்லைத் தேடிச் சதுப்பு ஓரத்துக்குப் போகும், அங்கேயே விழும். எலும்புகள் ஒரே இடத்தில் குவிந்ததைப் பார்த்தவர்கள் சாவதற்கென்று வந்ததாகச் சொன்னார்கள். கடலில் இப்படி ஒரு காரணம் இன்னும் அவசியம். ஏனென்றால் அங்கே நலிந்த உயிர் வெகுதூரம் போகாது. வழியிலேயே எதன் வாயிலாவது போய்விடும். ஆகவே உங்கள் இடத்துக்கு வந்து சேர்பவை, புறப்படும்போது நல்ல உடலோடு இருந்தவையாக இருக்க வேண்டும். இடம்தான் அவற்றைச் சாகவைக்கிறது, அல்லது அவை அங்கே செய்யும் வேலை சாகவைக்கிறது.

முதல் வழி, முட்டையிட வருவது. இதற்கு மிகச் சரியான நிஜ இடம் கலிபோர்னியாவில் மான்டரே கரைக்குத் தென்மேற்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில், டேவிட்சன் என்னும் கடலடி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. ஆழம் சுமார் 3,200 மீட்டர். 2018 அக்டோபரில் நாட்டிலஸ் என்ற ஆய்வுக் கப்பலின் இயந்திரக் கேமரா அங்கே போனபோது, பாறை இடுக்குகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பேய்க்கணவாய்கள் கைகளை வெளிப்பக்கம் திருப்பி, உடலைக் கவிழ்த்து, முட்டைகளை மூடி உட்கார்ந்திருந்தன. இடத்துக்கு ஆக்டோபஸ் தோட்டம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு நடந்த அளவெடுப்பில், அங்கே 20,000-க்கு மேல் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். எல்லாம் ஒரே இனம். பெரிய சாத்துக்குடி அளவு உடல். வெளிர் ஊதாவும் வெண்மையும் கலந்த நிறம். தூரத்திலிருந்து பார்த்தால் பாறையில் முத்துக் கோத்ததுபோல் தெரியும்.

ஏன் அங்கே? சுற்றியுள்ள கடல்நீர் 1.6 டிகிரி செல்சியஸ். பாறை இடுக்குகளிலிருந்து கசியும் நீர் சராசரியாக 5 டிகிரி, சில இடுக்குகளில் 10 டிகிரி வரை. அந்தக் குளிரில் முட்டை பொரிய ஐந்து முதல் எட்டு ஆண்டுகளாவது ஆகும் என்று கணக்கு. வெதுவெதுப்பில் இரண்டு ஆண்டுக்குள் பொரிந்துவிடுகிறது. ஆக, தாய்கள் தேடி வருவது சூட்டை. முட்டையிட்டபின் தாய் சாப்பிடுவதில்லை. முட்டையைத் தடவிச் சுத்தம் செய்து, புது நீர் பாய்ச்சி, இறால் நண்டுகளை விரட்டிக்கொண்டே மெலிகிறது. குஞ்சு வெளியேறும் நேரம் தாய் சாகிறது. உடல் பக்கத்திலிருக்கும் கடற்சாமந்திகளுக்கும் நத்தைகளுக்கும் உணவு. 20,000 தாய்கள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 1.8 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே இடத்தில் ஆண்டுக்குச் சுமார் 11,000 சாவு, நாளுக்கு முப்பது. தோராயக் கணக்குதான், ஆனால் உங்கள் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? சாகப்போகும் உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில், வரிசையாக, அசையாமல், உயிரோடு உட்கார்ந்திருக்கின்றன. எலும்புக் குவியலைவிட இது பயங்கரம்.

இந்தச் சாவை நடத்துவது பேய்க்கணவாயின் கண்களுக்கு நடுவே, மூளையை ஒட்டியிருக்கும் ஒரு ஜோடிச் சிறு சுரப்பிகள். 1977-ல் வோடின்ஸ்கி என்ற ஆய்வாளர், முட்டையிட்ட கரீபியக் கடல் பேய்க்கணவாய்களில் அந்தச் சுரப்பிகளை அறுத்து எடுத்தார். அவை முட்டையை விட்டு எழுந்தன, மறுபடி சாப்பிட்டன, எடை கூடின, மற்றவற்றைவிட நெடுநாள் வாழ்ந்தன. கதையில் யாராவது அந்தப் பள்ளத்தின் "விதியை" உடைக்க வேண்டுமென்றால் மந்திரம் தேவையில்லை, ஒரு கத்தி போதும். உயிர் பிழைத்த தாய் முட்டையைக் கைவிட்டதாகவும் ஆகும். கதை முரண் அங்கேயே கிடைக்கிறது.

இந்த ஏற்பாடு எப்படிக் கெடும் என்பதற்கும் நிஜ உதாரணம் இருக்கிறது. கோஸ்டா ரிக்காவுக்கு அப்பால் சுமார் 3,000 மீட்டர் ஆழத்தில் டொராடோ என்ற பாறைத் திட்டு. அங்கேயும் வெதுநீர்க் கசிவில் பேய்க்கணவாய்கள் உட்கார்ந்திருந்தன. ஆனால் முதல் ஆய்வில் பார்த்த முட்டைகளில் கரு வளர்ந்த அடையாளமே இல்லை. கசியும் நீரில் ஆக்சிஜன் குறைவு என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சூடு சரி, மூச்சு இல்லை. 2023-ல் மறுபடி போனபோது சில இடுக்குகளில் குஞ்சு பொரிப்பதைப் பார்த்தார்கள். உங்கள் பள்ளத்தில் பழைய ஊற்றின் சேர்மானம் மாறிவிட்டது, தாய்கள் மட்டும் வழக்கம்போல் வந்துகொண்டே இருக்கின்றன என்று வைத்தால், ஒரு தலைமுறை முழுவதும் வீணாகச் சாகும் இடம் உருவாகிவிடும்.

இதே வகையில் விலாங்கையும் சொல்லலாம். ஐரோப்பிய ஆறுகளிலிருந்து புறப்படும் விலாங்கு 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, அட்லாண்டிக்கின் நடுவே சர்காசோ கடலுக்குப் போய் முட்டையிட்டுச் சாகிறது. புறப்படும்போதே குடல் சுருங்கத் தொடங்கிவிடும்; வழியில் சாப்பிடுவதில்லை; திரும்பும் எண்ணிக்கை பூஜ்யம். அங்கே அது முட்டையிடுவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க முடியாத இடம் என்பதால் காட்சியாக எழுதுவது கடினம். பயணக் கதையாக எழுதினால் பிரமாதம்.

இரண்டாவது வழி, மூச்சு முட்டி ஓடிவருவது. கதை நிகழ்ச்சிக்கு இதுதான் வசதி, ஏனென்றால் இதற்கு நேரமும் நிபந்தனையும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மொபீல் விரிகுடா. அதன் கிழக்குக் கரையில் கோடை இரவுகளில், விடியலுக்கு முன்பு, தட்டைமீன், நண்டு, இறால், திருக்கை, விலாங்கு எல்லாம் முழங்காலளவுத் தண்ணீரில் வந்து அடர்ந்து கிடக்கும். உயிரோடுதான் கிடக்கும், ஆனால் மயக்கம் போட்டதுபோல். கையால் தொட்டாலும் ஓடாது. நண்டுகள் தூண்களில் ஏறும். ஊர்க்காரர்கள் இதற்கு ஜூபிலி என்று பெயர் வைத்து, விளக்கும் ஈட்டியும் அண்டாவும் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிவுகள் உண்டு.

நடப்பது இதுதான். விரிகுடாவின் ஆழமான பகுதியில் உப்புக் கனத்த நீர் அடியில் தங்கும். மேலே ஆற்றுநீர் மூடிபோல் நிற்கும். அடியில் மட்கும் தாவரக் குப்பை ஆக்சிஜனைத் தின்றுவிடும். கிழக்கிலிருந்து வரும் கீழ்க்காற்று மெல்ல வீசும்போது மேல்நீர் கரையிலிருந்து விலகும்; ஏறிவரும் கடல்நீர் (ஏற்ற நீர்) அடியிலுள்ள செத்த நீரைக் கரைப்பக்கம் தள்ளும். அந்தச் செத்த நீருக்கு முன்னே, கடலடித் தரையில் வாழும் உயிர்கள் பின்வாங்கிப் பின்வாங்கிக் கரையில் முட்டி நிற்கும். நிபந்தனைகள்: கோடை, முந்தின நாள் மேகமூட்டம், மெல்லிய கீழ்க்காற்று, அலையில்லாத மேற்பரப்பு, ஏற்ற நீர். இதில் ஒன்று தவறினாலும் நடக்காது. காற்று வலுத்தால் நீர் கலந்துவிடும். நீர் இறங்கத் தொடங்கினால் அல்லது வெயில் ஏறினால் எல்லாம் தெளிந்து ஆழத்துக்குத் திரும்பிவிடும். இதை அப்படியே கதையில் வைத்தால், பாத்திரங்களுக்கு நாலைந்து மணி நேரக் கெடு இருக்கும். மேல்மட்டத்தில் திரியும் மீன்கள் இதில் சிக்குவதில்லை என்பதை மறக்க வேண்டாம். சுறா வராது, சாளை வராது. அடித்தரை உயிர்கள் மட்டுமே.

இதன் கொடூர வடிவம் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் எலண்ட்ஸ் விரிகுடாவில் நடக்கும். நுண்பாசி பெருகிக் கடல் சிவந்து, பின் அந்தப் பாசி செத்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. சிங்கி இறால்கள் கடலைவிட்டு மணலில் நடந்து ஏறுகின்றன. 1997-ல் சுமார் 2,000 டன் இப்படி ஏறிச் செத்தன. இங்கே காற்று திரும்பி யாரையும் காப்பாற்றவில்லை. இறங்குநீர் அவற்றை மணலிலேயே விட்டுவிட்டுப் போனது.

கதையை இந்தியக் கடலில் வைப்பதாக இருந்தால் இந்த வழிக்குச் சரக்கு இருக்கிறது. வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் சுமார் 100 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் மிகக் குறைந்த நீர்ப்படலம் பல நூறு மீட்டர் தடிமனில் நிரந்தரமாக இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் இந்தியாவின் மேற்குக் கரையில் ஆழநீர் மேலெழுந்து, இந்தச் செத்த நீர் கரையோரத் திட்டில் ஏறி நிற்கும். செப்டம்பர், அக்டோபரில் அதன் அடியில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடத் தென்படும். மழை ஆற்றுநீர் மேலே மூடியாக நிற்பது மொபீல் விரிகுடா மாதிரியே. கிழக்குக் கரையில் இதே ஏற்பாட்டை எழுதினால் பருவத்தையும் காற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். சும்மா இடப்பெயரை மட்டும் மாற்றினால் கடலோரத்து வாசகர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

மூன்றாவது, பொறி. மெக்சிகோ வளைகுடாவின் அடியில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் உப்புக் குளங்கள் இருக்கின்றன. கடலுக்குள் குளம் என்றால் நம்ப முடியாது, ஆனால் அதற்குக் கரை உண்டு, மேற்பரப்பு உண்டு, கலக்கினால் அலையும் அடிக்கும். ஜுராசிக் காலத்தில் வற்றிய கடல் விட்டுப்போன உப்புப் படிவம் கீழே புதைந்திருக்கிறது. அதைக் கரைத்துக்கொண்டு வெளிவரும் நீர், கடல்நீரைவிட நான்கைந்து மடங்கு உப்பு. கனம் காரணமாக மேல்நீரோடு கலக்காமல் தேங்கிவிடும். உள்ளே ஆக்சிஜன் கிடையாது. மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உண்டு. 2014-15 வாக்கில் கண்டுபிடித்த ஒரு குளம், தரையிலிருந்து மூன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்த மேட்டின் உச்சியில், சுமார் 30 மீட்டர் சுற்றளவில் இருக்கிறது. நீரின் வெப்பம் 19 டிகிரி. சுற்றிலும் அதைவிட வெகுகுளிர். கரையைச் சுற்றி மட்டிகள் அடர்ந்திருக்கும். அவற்றின் செவுளில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேனைத் தின்று அவற்றுக்குச் சோறு போடுகின்றன. அந்த மட்டியைத் தேடி வரும் நண்டு கால் தவறி உள்ளே விழுந்தால் அங்கேயே சாகும். உப்பில் ஊறிக் கெடாமல் கிடக்கும்.

உங்கள் "ஆழ்பள்ளம்" என்ற கற்பனைக்கு மிக நெருங்கிய நிஜம் இதுதான். விருந்தும் விஷமும் ஓரங்குலத் தூரத்தில் இருப்பதால் உயிர்கள் வந்துகொண்டே இருக்கும். எழுதும்போது இரண்டு விஷயம் தவறாமல் பாருங்கள். ஆழ்நீர்க் கலம் இந்தக் குளத்துக்குள் சாதாரணமாக இறங்காது; கனத்த உப்புநீர் அதை மேலே தாங்கிக்கொள்ளும். உள்ளே போக அதிக எடை வேண்டும். அடுத்து, குளத்தில் திமிங்கிலமும் ஆமையும் வந்து சாகாது. விழுவது நண்டு, இறால், அடித்தரை மீன் அளவுக்குத்தான். பெரிய உடல் வேண்டுமென்றால் அது செத்தபின் மேலிருந்து வர வேண்டும்.

ஆமைக்கான பொறி தனி. மலேசியாவின் சபா மாநிலத்தில் சிபடான் என்ற சிறு தீவு. கடலடியிலிருந்து 600 மீட்டர் எழும் மலையின் உச்சி அது. அதன் பக்கவாட்டில் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் சுண்ணாம்புக் குகைவாய் ஒன்று. உள்ளே பல அறைகளில் ஆமைகளின் எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. முதிய ஆமைகள் சாவதற்கென்று அங்கே போகும் என்பது நெடுநாள் கதை. உண்மை என்னவென்றால், உள்ளே நுழைந்த ஆமைக்கு இருட்டில் வழி தெரியவில்லை. ஓய்வில் மணிக்கணக்காக மூச்சடக்கும் ஆமை, பதறி நீந்தினால் அந்தக் காற்று மிக வேகமாகத் தீர்ந்துவிடும். பிறகு மூழ்கிச் சாகும். மனிதப் பாத்திரம் தானே நீந்திப்போய்ப் பார்க்கக்கூடிய இடுகாடு வேண்டுமென்றால் இந்த வகைதான் சரி. பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லை 40 மீட்டர். 3,200 மீட்டரில் அழுத்தம் 320 வளிமண்டல அளவு. அங்கே ஆளை நேரில் நிறுத்த முடியாது, கண்ணாடி வழியாகவோ கேமரா வழியாகவோதான் பார்க்கலாம். குகையிலும் ஆமைக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேரும்: துடுப்புக் கால் அடித்தால் தரையின் நுண்சேறு கலங்கி, வந்த வழி மறைந்துவிடும். வழிகாட்டிக் கயிறு இல்லாமல் குகைக்குள் போனவர்கள் இப்படித்தான் சாகிறார்கள்.

திமிங்கிலத்துக்கு வருகிறேன். உங்கள் ஏற்பாட்டில் மிகப் பலவீனமான இடம் இது. சாகும் திமிங்கிலம் மூச்சுக்காக மேற்பரப்பை விட்டு நகராது. ஆழத்துக்கு முழுகிப் போய்ச் சாக அதற்குத் தெம்பு கிடையாது. அது கூட்டமாகச் சாவது ஆழத்தில் இல்லை, கரையில். 2017 பிப்ரவரியில் நியூசிலாந்தின் ஃபேர்வெல் ஸ்பிட் மணல்முனையில் 400-க்கு மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கொக்கிபோல் வளைந்த கரை, மிக மெதுவாகச் சரியும் தரை. ஆழ்கடலில் பழகிய உயிர் வழியறிய எழுப்பும் ஒலி, அந்தச் சரிவில் அடித்து எதிரொலியாகத் திரும்புவதில்லை. முன்னால் ஆழம் இருக்கிறது என்றே நினைக்கும். ஒன்று மாட்டினால் அதன் குரலுக்கு மற்றவை வரும். நம் பக்கத்தில், தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு, கல்லாமொழிக் கரையில் 2016 ஜனவரியில் எண்பதுக்கும் மேற்பட்டவை ஒதுங்கின. மீனவர்கள் இழுத்துக் கடலில் விட்டவற்றில் சில மறுபடி கரைக்கே வந்தன. அதே கரைப்பகுதியில் 1973 ஜனவரியிலும் 147 ஒதுங்கியதாகப் பதிவு உண்டு. ஒன்றிரண்டை மட்டும் ஆழத்தில் விட்டால் பயனில்லை, கூட்டத்தைச் சேர்த்துவைத்து ஒரே நேரத்தில் விட வேண்டும் என்பது மீட்புப் பணியின் பாலபாடம்.

நான்காவது வழி, செத்தபின் நீரோட்டம் ஒதுக்குவது. அப்படி ஒதுங்கிய குவியலுக்கு மிகப் பெரிய சாட்சி சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், கால்டேரா ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2010-ல் நெடுஞ்சாலையை அகலப்படுத்தும்போது நாற்பதுக்கு மேற்பட்ட திமிங்கில எலும்புக்கூடுகள் கிடைத்தன. வயது 60 முதல் 90 லட்சம் ஆண்டு. கூடவே சீல், கடலில் நீந்திய ஸ்லாத் (மரத்தில் தொங்கும் மந்தமான விலங்கு) இனம், தந்தம் வைத்த விந்தைத் திமிங்கிலம். பெரும்பாலானவை மல்லாந்து, முழுதாக, ஏறக்குறைய ஒரே திசையில் கிடந்தன. அதுவும் நான்கு அடுக்குகளில். ஒரே பேரழிவு இல்லை, அதே விபத்து நான்கு முறை. ஆய்வாளர்கள் சுட்டும் காரணம் நச்சுப் பாசி: மலையிலிருந்து இரும்பு கலந்த மண் கடலில் இறங்கும்போது பாசி பெருகும், அதைத் தின்ற இரையைத் தின்று திமிங்கிலங்கள் கடலில் விரைவாகச் சாகும், பிறகு நீர் அவற்றைத் தட்டையான கரைத்திட்டில் கொண்டுவந்து ஒதுக்கும். இனம் கலந்து கிடப்பதற்கு இதுவே விளக்கம். உங்கள் கதையில் திமிங்கிலம், ஆமை, சீல் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் நஞ்சு, நீரோட்டம், வளைந்த கரை மூன்றையும் சேருங்கள். வேறு எதுவும் அத்தனை வகையை ஒன்றாகச் சேர்க்காது.

ஆழ்பள்ளத்தை விடவே மாட்டேன் என்றால், விழுந்த திமிங்கிலத்தின் காலக்கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 1987-ல் கலிபோர்னியாவுக்கு அப்பால் 1,240 மீட்டரில் முதன்முதலாக அப்படி ஒரு எலும்புக்கூட்டைச் சுற்றி முழு உயிர்ச்சமூகத்தைக் கண்டார்கள். முதலில் தசை தின்னிகள்: உறங்கு சுறா, விலாங்கு போன்ற வழுக்கும் ஹாக் மீன்கள், எலிவால் மீன்கள், பொடி இறால் வகைகள். பெரிய உடலை நாளுக்கு 40 முதல் 60 கிலோ வீதம் தின்னும். 40 டன் உடல் என்றால் இரண்டாண்டு அளவுக்கு ஓடும். அடுத்து, கொழுப்பு ஊறிய சேற்றில் புழுக்கள் மொய்க்கும் கட்டம், மாதங்களிலிருந்து சில ஆண்டு. மூன்றாவது மிக நீளமானது. எலும்பின் எடையில் 60 சதவீதம் வரை கொழுப்பு இருக்கலாம். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அதைத் தின்று வாழும் வெள்ளை நுண்ணுயிர்ப் படலமும் மட்டிகளும் பல பத்தாண்டு இருக்கும், ஐம்பது ஆண்டு வரைகூட. இதற்கிடையே எலும்பைத் துளைக்கும் ஒசெடாக்ஸ் புழு, 2002-ல் மான்டரே பள்ளத்தாக்கில் கண்டெடுத்தது. வாயும் குடலும் கிடையாது. வேர்விட்டு எலும்புக்குள் இறங்கும். வெளியே சிவந்த குஞ்சம் மட்டும் ஆடும். நூல் அளவு ஆண்கள் பெண்ணின் உறைக்குள்ளேயே கூட்டமாக வாழும். கற்பனைக்கு இதைவிட மிஞ்ச எனக்குத் தெரியவில்லை.

இதிலிருந்து எண்ணிக்கையைக் கணக்கிடலாம். எலும்புக்கூடு ஐம்பது ஆண்டு நிற்கும் என்று வைத்தால், எந்த நேரத்திலும் நூறு கூடு தெரிய ஆண்டுக்கு இரண்டு உடல் அதே பள்ளத்தில் விழ வேண்டும். இது வலசைப் பாதையின் நேர்க்கீழே, செங்குத்தான பள்ளத்தாக்கில் மட்டும் சற்று நம்பும்படி இருக்கும். அந்த நூறில் ஏறக்குறைய நான்கு கூட்டில்தான் சதை இருக்கும். மீதி எல்லாம் வெள்ளைப் படலம் போர்த்திய எலும்பு. "எங்கு பார்த்தாலும் அழுகும் சடலம்" என்று எழுதாதீர்கள். ஊதி மிதக்கும் சடலமும் அங்கே கிடையாது. ஆழமில்லாத கடலில் வயிற்றுவாயு உடலை மறுபடி மேலே தூக்கும். 1,000 மீட்டரில் நூறு வளிமண்டல அழுத்தம் அந்த வாயுவை நசுக்கிவிடும்.

வெளிச்சம் பற்றி ஒன்று. ஆழ்கடலில் மினுக்கென்று வெட்டும் நீல ஒளி பெரும்பாலும் தொட்டதும் வருவது, உடனே அணைவது. இறந்த மீனின் மேல் வளரும் சில நுண்ணுயிர்களின் ஒளி அப்படியில்லை. நீலப் பச்சையாக, விடாமல், மங்கலாக எரியும். சாவின் இடம் என்று காட்ட வேண்டுமானால் இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். நாற்றம் கடலடியில் யாருக்கும் தெரியாது; கலத்தின் கை மேலே கொண்டுவந்த சேற்றைத் திறக்கும்போதுதான் தெரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றம், காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு கண்டுபிடிக்கும். நூறு பங்கு அளவுக்குப் போனால் மூக்கே மரத்துவிடும், நாற்றம் "போய்விட்டது" என்று ஆள் நினைப்பார். சில நூறு பங்குக்கு மேல் மயங்கி விழுவார். மூடிய ஆய்வு அறையில் நடக்கும் காட்சிக்கு இது மட்டுமே போதும்.

கடைசியாகச் சுறா. அதைச் சாகவரும் கூட்டத்தில் சேர்க்க நான்கு வழியிலும் இடமில்லை. பல்லாக மட்டும் வரட்டும். சுறாவின் எலும்பு குருத்தெலும்பு. கரைந்துபோகும், பல் நிற்கும். 1872-76-ல் சேலஞ்சர் கப்பல் பசிபிக்கின் செம்மண் சேற்றில் வலையிழுத்தபோது சுறாப் பற்களும் திமிங்கிலத்தின் செவியெலும்புகளும் ஏராளமாக வந்தன. 2022-ல் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் இன்வெஸ்டிகேட்டர், இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் 5,400 மீட்டரிலிருந்து 750-க்கு மேற்பட்ட பற்களை ஒரே இழுப்பில் எடுத்தது. அங்கே சுறாக்கள் கூடிச் சாகவில்லை. மேலிருந்து சேறு விழும் வேகம் அவ்வளவு குறைவு என்பதால், பல லட்சம் ஆண்டுப் பற்கள் மூடப்படாமல் ஒரே தரையில் கிடக்கின்றன. இவ்வளவு ஆழத்தில் சுண்ணாம்புச் சிப்பிகள் கரைந்துவிடும், ஆகவே சங்கு, சிப்பி எதையும் காட்சியில் வைக்காதீர்கள். பல்லின் மேல் கறுப்பாக மாங்கனீசு படிந்திருக்கும். அது பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். உங்கள் பாத்திரம் எடுக்கும் பல்லில் அரை சென்டிமீட்டர் மேலோடு இருந்தால், அதன் வயதைக் குறைந்தது பத்து லட்சம் ஆண்டு என்று எழுதுங்கள்.